பிடித்துத் தைத்த எழுத்துகள்

மேல்வானில் சாய்ந்த கதிர், மாடங்களின் முகடுகளைப் பொன்னாக்கி, சுவர்களில் வழிந்து, வாங்குவோரும் விற்போரும் தோளோடு தோள் உரசும் கடைத்தெருவினுள் இறங்கிய பிற்பகற்பொழுதில், இரு பெருங்கடைகளுக்கிடையே, கூட்டத்தில் நுழைந்துகொண்ட ஒல்லியான ஆளைப்போல் ஒடுங்கி நின்ற தையற்கடையொன்றின் முன் மூவர் அதன் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து நின்றனர். ஒருவன் அக்கடைக்குரிய தையற்காரன். பருத்த உடலும் அதனினும் பெரிய உள்ளமும் உடையவன். மற்றொருத்தி அவன் மனைவி. பதினைந்து ஆண்டுகள் பிறர் கடைகளில் அவனுக்கு நிகராக ஊசி பிடித்தும், தன் பெயரை எவ்வாயிலிலும் கண்டறியாதவள். மூன்றாமவன் அவளுடைய தம்பி, பெயர்ப்பலகை எழுதுவோன். அவன் முகத்தில் அசடு வழிந்தது.

வழியாதா பின்னே? இருவர் பெயரும் ஒருங்கே விளங்கவேண்டும் என்பதே பேச்சு. அவனோ, அளந்து கோடிடாமல், அக்காள் கணவர்மேல் வைத்த மதிப்பெல்லாம் கையில் திரள, அவர் பெயரைக் கொழுகொழுவென்று எழுதித் தீர்த்து, எஞ்சிய ஒரு சாணுக்குள் அக்காள் பெயரை எறும்புச் சாரியாய் அடைத்துவிட்டான். விடிந்தால் கடைதிறப்பு.

"பரவாயில்ல, விடுடா," என்றாள் அவள். உள்ளுக்குள் உடைந்தாலன்றி அக்காள் அவ்வளவு மென்மையாகப் பேசமாட்டாள் என்பது அவனுக்குச் சிறுபருவம் முதலே தெரியும்.

தையற்காரன் ஏணி முனக மேலேறி, ஈரம் உலராத தன் பெயரைத் துணியால் துடைக்கலானான்.

"மாமா, என்ன பண்றீங்க? காலையிலேர்ந்து எழுதினது அது," என்று பதறினான் தம்பி.

"இவ பேரு சரியா தெரியாத பலகை எனக்கு எதுக்குடா? நான் கொஞ்சம் இளைச்சா ஒண்ணும் ஆயிடாது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதன்பின்னரே தொழில் அவளுள் விழித்துக்கொண்டது.

"டேய், தொளதொளன்னு சட்டை வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைப்போம். அகலந்தான் குறையும், உயரம் அப்படியே நிக்கும். எழுத்தையும் அப்படிப் பிடியேன்."

"பட்டினி கெடந்த மாதிரி இருக்குமேக்கா."

"அதுக்குத்தான் ஓரத்துல பூவேலை."

இம்முறை அவன் அளந்தான், கோடிட்டான். தண்டு தடித்தும் வளைவு மெலிந்தும், அடியில் சிறுபாதம் ஊன்றியும், முனைதோறும் கொடியெனச் சுருண்டும், நெடிதுயர்ந்து நெருங்கி நின்றன எழுத்துகள். இரு பெயர்களும் ஒரே உயரம், ஒரே அழகு. பழங்காலத்து நாடக அரங்க வாயிலில் எழுதியதைப்போல் எடுப்பாக இருக்கிறதென்று வழிப்போக்கர் நின்று பார்த்தனர். அவளோ தெருவின் எதிர்ப்புறம் சென்று நின்று, தன் பெயரை, முதன்முறை கேட்பவள்போல், வாய்விட்டு மெல்லப் படித்தாள்.

நல்லீர், தம் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளப் பலர்க்கும் தெரியும். அருகிருப்பவர் பெயர்க்கு இடம் வரும்வரை அதனைத் தாமே துடைக்க, அன்புடையார்க்கே கை வரும்.