பதினோரு படிக்குக் கீழே ஒரு மெயின் பெட்டி

அந்த வாரம் முழுக்க, தன் முதுகுக்குப் பின்னால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நோரிஸ் ஆப்பிள்யார்டுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வீடு போர்க்களம் மாதிரி கிடந்தது. தரைப் பலகைகளைப் பெயர்த்து, சுவரையெல்லாம் வரி வரியாக வெட்டி, பழைய வயரைக் குடலை உருவுகிற மாதிரி உருவிப் போட்டிருந்தான் எலக்ட்ரீஷியன் கியரன். வயரிங் மாற்றினால் வீடு அப்படித்தான் இருக்கும். நோரிஸை உறுத்தியது அதில்லை. புது மெயின் பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கியரன் அவரைக் கேட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அவர் மனைவி கிளெண்டா பதில் சொல்லிவிட்டாள்.

"வாசக்கதவுக்குப் பக்கத்துல வை தம்பி. கோட்டு மாட்டுற எடத்துல."

பெட்டி காலங்காலமாக இருந்தது நிலவறையில். செங்குத்தான பதினோரு படி. இடுப்பு எலும்பு தேய்ந்துபோன பிறகு, ஆறு வருடமாக கிளெண்டா அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. விளக்கு அணைந்தால் "நோரிஸ்!" என்று ஒரு சத்தம், டார்ச்சை எடுத்துக்கொண்டு இவர் இறங்குவார். அது அவர் இலாகா. அதில் அவள் இத்தனை நாள் மூக்கை நுழைத்ததே இல்லை.

"அசிங்கமா இருக்கும்," என்றார் நோரிஸ். "வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும்."

"யாரு வர்றா இங்க? தபால்காரனும் ஜன்னல் விக்கிறவனும்தானே. பாத்துட்டுப் போகட்டும்."

"கீழயே இருக்கட்டும். ஃபியூஸ் போனா நான் எறங்கிப் போட்டுக்கிறேன்."

கிளெண்டா கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், பிறகு தேநீர் போடப் போய்விட்டாள். தெரிந்துவிட்டதா இவளுக்கு?

தெரியக்கூடாத விஷயம் ஒன்று இருந்தது. மார்ச் மாதம் பார்ன்ஸ்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவருடைய நுரையீரல் படத்தைத் திரையில் காட்டினார். இருபத்து நான்கு வருடம் சுரங்கத்தில் விழுங்கிய தூசி அங்கே பத்திரமாக இருந்தது. அதோடு புதிதாக வேறொன்றும் சேர்ந்திருந்தது. அடுத்த வருடக் கோடை வரை தாங்கலாம், அதற்கு மேல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன் என்று கிளெண்டாவிடம் புளுகினார் நோரிஸ்.

போன வருடம்தான் அவள் சாகக்கிடந்த தன் அக்காவைக் கடைசி வரை பார்த்து அனுப்பி வைத்திருந்தாள். ஐந்து மாதம், தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், ஊட்டி, துடைத்து, கழுவி. திரும்பி வரும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நோரிஸுக்குத் தெரியும். மறுபடி அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு கிறிஸ்துமஸ், வழக்கமான கிறிஸ்துமஸ், வான்கோழி கருகிப்போனதற்கு அவள் தன்னைத் திட்டுகிற கிறிஸ்துமஸ் வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அதைக் கெடுக்கத்தான் யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள்.

யார் அது? வேறு யார், கியரன்தான். அவனுடைய அம்மா டெனிஸ் உள்ளூர் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். ஊரில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நோரிஸ் மாடியேறினார். நடுவில் இரண்டு தடவை நின்றார். கைப்பிடிச் சுவரை ஆராய்வதுபோல நடித்துக்கொண்டார். பின்பக்க அறையில் கியரன் மண்டியிட்டுத் தரைக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"உங்கம்மா சௌக்கியமா?"

"நல்லா இருக்காங்க பெரியவரே."

"நெறய பேசுவாங்களோ?"

கியரன் தலையைத் தூக்கினான். "எங்கம்மாவா? என் பொறந்தநாளுக்கு என்ன வாங்கி வெச்சிருக்குன்னுகூட வாயத் தொறக்காது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்க மாடியேறி வருகிற ஆள் இல்லை என்று கியரனுக்கும் தெரிந்திருக்கும். மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "கிளெண்டாம்மா ஒண்ணு கேட்டாங்க. கரண்டு போனா ஒத்த ஆளா எப்படித் திரும்பக் கொண்டுவர்றதுன்னு. இப்போல்லாம் கம்பி சுத்த வேண்டாம்மா, விழுந்த சுவிட்சத் தூக்கிவிட்டாப் போதும்னு சொன்னேன். வேற ஒண்ணும் பேசல."

ஒத்த ஆளா. அந்த ஒரு வார்த்தை போதாதா நோரிஸுக்கு? கட்டில் ஓரத்தில், தூசி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் புரிந்தது. மாதக்கணக்காக கிளெண்டா அவரைத் திட்டவே இல்லை. சேற்றுச் செருப்போடு கம்பளத்தில் நடந்தார், திட்டவில்லை. மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார், பார்த்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை தானாகவே பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிவந்து தட்டில் வைத்தாள். கொழுப்பு, கொழுப்பு என்று பத்து வருடமாகத் தட்டிலிருந்து பிடுங்கியவள்! இருமியபோது அடுத்த அறையில் வானொலிச் சத்தம் குறைந்ததே, அது கேட்பதற்காகத்தானே? நோரிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வீட்டிலேயே தன்னை வேவு பார்க்கிறாளா?

மூன்று மணிக்குக் கீழே பேச்சுக்குரல் கேட்டது. படியின் வளைவில் நின்று எட்டிப் பார்த்தார். இன்னும் வயர் மாட்டாத பெட்டியைச் சுவரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான் கியரன். கிளெண்டா ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"இது அடுப்பு. இது மாடி வெளக்கு. இது விழுந்தா மொத்தமும் போயிடும். சரியா?"

"சரிதாம்மா."

"யாரு சொன்னது உனக்கு?" என்றார் நோரிஸ் படியிலிருந்தே. குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. மூச்சும் வாங்கியது.

கியரன் ஒரு பார்வையில் நிலவரத்தைப் புரிந்துகொண்டான். பெட்டியைக் கீழே வைத்து, டிரில் மெஷின் வேனில் இருக்கிறது என்று முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டான். கெட்டிக்காரன்.

"என்னத்த யாரு சொன்னது?" என்றாள் கிளெண்டா.

"நடிக்காத. அவங்கம்மாதானே? இந்நேரம் தெருவே பேசிக்கிட்டிருக்குமே!"

"யாரும் சொல்லல நோரிஸ். நீதான் சொன்ன."

"நானா? நான் ஒரு வார்த்த விடல!"

கிளெண்டா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "முப்பத்தோரு வருஷமா கேட்டேன், இந்த வயர மாத்துன்னு. பாத்ரூம்ல ஷாக் அடிச்சப்ப கேட்டேன். சுவத்துல பொக வந்தப்ப கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஃபியூஸ் கம்பியச் சுத்திட்டு வந்து என்ன சொல்லுவ?"

நோரிஸ் கைப்பிடிச் சுவரிலிருந்த தூசியைத் துடைத்தார்.

"சொல்லு. என்ன சொல்லுவ?"

"நம்ம காலம் வரைக்கும் தாங்கும்னு."

"ஆங். கம்பளத்துக்கு அதான், கூரைக்கு அதான், உன் கோட்டுக்கும் அதான். அப்படிப்பட்ட மனுஷன் கண்ணாடி வாங்கப் போனேன்னு கண்ணாடி இல்லாமத் திரும்பி வர்றான். மறுநாளே எலக்ட்ரீஷியனுக்கு அவனே போன் பண்றான். போன வச்சதும் சமையக்கட்டுல நின்னு அழுதேன். நீ தோட்டத்துல இருந்த."

அவள் கண் இப்போது கலங்கவில்லை. அழுது முடித்தவளின் முகம் அது. அவர் பார்க்கப் பயந்த அதே முகம்தான். நாலு மாதமாக எதிரிலேயே இருந்திருக்கிறது, அவர்தான் பார்க்கவில்லை. வேவு பார்க்கிறாள் என்று சந்தேகப்பட்டதை நினைத்து நோரிஸுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இனி மாடிப்படியில் நடிக்க வேண்டாம் என்று ஆறுதலாகவும் இருந்தது.

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?" என்றாள்.

"அடுத்த வருஷக் கோடை."

தலையை ஆட்டிக்கொண்டாள். தெருவில் வேன் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது; கியரன் தேவையில்லாமல் மூன்றாவது தடவை அதைத் திறந்து மூடினான்.

நோரிஸ் இறங்கி வந்து, கியரன் விட்டுப்போயிருந்த பென்சிலை எடுத்தார். "எந்திரி. கைய நீட்டு. எக்கக் கூடாது, சும்மா நீட்டு."

அவள் கோட்டுக் கொக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். விரல் நுனி பட்ட இடத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு ஒரு சாண் கீழே பெட்டிக்குக் கோடு போட்டார்.

"ஏன் அவ்வளவு கீழ?"

"உனக்குத் தொண்ணூறு வயசாகுறப்போ குள்ளமாயிடுவ," என்றார் நோரிஸ்.