நாலு மணிக் கதவு

முக்காலியில் ஏறி, அம்மா அறையின் கதவு நிலையில் ஒட்டியிருந்த சென்சாரின் அடியில் கத்தியைக் கொடுத்தேன்.

"அத எதுக்குக் கழட்டுற?" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

"பேட்டரி தீரப்போகுதுன்னு நீங்கதானப்பா போன் பண்ணீங்க?"

"மாத்தச் சொல்லித்தான் பண்ணேன்."

அப்பாவாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் "பேட்டரி தீரப்போகுது போல, பெட்டியில மஞ்ச லைட்டு எரியுது" என்றதோடு சரி. அம்மா இருந்தவரை அவர் சொல்ல நினைப்பதை அவள்தான் சொல்வாள். "நீ இளைச்சிட்டேன்னு அப்பா வருத்தப்படுறாரு" என்பாள். பின்னால் அவர் இருமுவது மட்டும் கேட்கும்.

இந்தச் சென்சாரும் அவர் மாதிரிதான். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியில் இரண்டு வருடம் ஓடவேண்டும் என்பதால் மிக மெதுவாகத்தான் பேசும். அந்தப் பேச்சு வீட்டைத் தாண்டாது. டிவிக்குப் பக்கத்திலுள்ள வெள்ளைப் பெட்டி அதை வாங்கி, இணையம் வழியாக எங்கோ இருக்கும் என் கைபேசிக்கு அனுப்பும். குளிர்பதனக் கிடங்குகளுக்கு இவற்றை மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அம்மாவுக்கு ஞாபகம் தப்பி, எழுந்து வாசல் வரை போக ஆரம்பித்தபோது, அவள் கதவிலும் ஒன்றை ஒட்டினேன். அப்பாவிடம் இருப்பது பழைய பொத்தான் போன். எனவே கதவு திறந்தால் என் கைபேசி ஒலிக்கும், நான் உடனே அவரைக் கூப்பிடுவேன். "அம்மா எந்திரிச்சிட்டாங்க." "சரி." அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அம்மா போன அன்று உறவினர்கள் போய் வரப் போய் வர, 'அம்மா அறை திறந்தது' என்று அது கத்திக்கொண்டே இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. சத்தத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பதிவுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது.

"நாலு மணின்னா உனக்கு டீ நேரம்னு உங்கம்மா சொல்லுவா" என்றார் அப்பா. "தொந்தரவா இருக்காதுன்னுதான் அந்த நேரம்."

"எதுக்குப்பா?"

"தெனம் ஒருவாட்டி தெறந்து மூடுறேன்ல. நான் நல்லாருக்கேன்னு உனக்குத் தெரியுமே."

முக்காலியிலிருந்து இறங்கினேன். கைபேசியில் பழைய பதிவுகளைத் திறந்தேன். நாலு மணிக்குத் திறந்தது, நாலு ஒன்றுக்கு மூடியது. மறுநாளும் அப்படியே. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. போன மாதம் மட்டும் இரண்டு நாள் இல்லை. என்னவென்று கேட்டேன்.

"காய்ச்சல். எந்திரிக்க முடியல." தாளை மடித்தார். "நீ கூப்பிடுவேன்னு பாத்தேன். வேல இருந்திருக்கும்."

எது வேண்டுமானாலும் செய்யுங்கள், எச்சரிக்கை ஒலியை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கிடங்குக்காரர்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்பவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். நான் சொல்ல வேண்டிய பொய்யைக்கூட அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"சத்தத்த நிறுத்தி வச்சிருந்தேன்பா. அம்மா போன அன்னையிலேர்ந்து. நான் எதையும் பாக்கல."

அவர் தாளின் மடிப்பை நகத்தால் நீவினார். மறுபடியும் நீவினார்.

"அப்ப நான் சும்மாதான் தெறந்துட்டு இருந்தேனா" என்றார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுபடியும் முக்காலியில் ஏறி, சென்சாரில் புது பேட்டரியைப் போட்டு மூடினேன். கைபேசியில் சத்தத்தைத் திறந்துவிட்டேன். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. மணி நாலானது. அப்பா எழுந்திருக்கவில்லை. நாலு மூன்று ஆனது.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெல்ல நடந்துபோய் அம்மா அறையைத் திறந்தார். என் கையில் கைபேசி ஒலித்தது. அவர் திரும்பவில்லை, கதவை மூடவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் எண்ணை அழுத்தினேன். நாலடி தள்ளி, அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லும்மா" என்றார்.