புரூஜ் பஸ்ஸின் ஜன்னலோர சீட்

ஜன்னலோர சீட்டைக் கொடுத்தபோதே கஸ்பருக்குத் தெரிந்துவிட்டது, நடுவில் இறங்குவது லேசில்லை. பக்கத்தில், வழியை அடைத்தாற்போல் மாமியாராகப் போகிற மரியநாயகி. அவள் காலடியில் கட்லட் பார்சல்கள். பஸ் லண்டனின் கோலியர்ஸ் வுட்டை விட்டு நகர்ந்துவிட்டது.

"புரூஜ் எண்டால் என்ன ஊர் தெரியுமோ!" சுற்றுலாவுக்குப் பொறுப்பான அல்பிரட் மைக்கில் முழங்கினார். "பெல்ஜியத்தில கிடக்குது. ஊர் முழுக்க வாய்க்கால். வாய்க்கால் முழுக்க அன்னம். ஆண்டவற்றை திரு இரத்தம் வைச்சிருக்கிற கோயிலும் அங்கைதான்!"

"வாய்க்கால் எங்கடை ஊரிலயும் கிடந்தது அண்ணை. அன்னம்தான் இல்லை," என்றது பின்சீட்டுக் குரல்.

பஸ்ஸே சிரித்தது. கஸ்பர் சிரிக்கவில்லை.

அவனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. பாஸ்போர்ட், விசாவைத் தீர்மானிக்கும் ஹோம் ஆபீஸில். கடலைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, "விசா எல்லாம் சரி மாமி" என்று அளந்துவிட்டிருந்தான். கத்தரினை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. மாசியில் கல்யாணம். உண்மையைச் சொன்னால் அவள் இல்லை. சொல்லாவிட்டால் லண்டன் இல்லை.

வரவில்லை என்றால் சந்தேகம் வருமென்று பஸ்ஸில் ஏறிவிட்டு, வழியில் லூயிஷாமில் ஆட்கள் ஏறும்போது வயிற்றுவலி என்று இறங்கிவிடுவது திட்டம். எழுந்தான்.

"எங்கை போறீர் தம்பி? இரும். பயணம் துவங்கேக்க செபமாலை சொல்லுறது எங்கடை வழக்கம். இண்டைக்கு நீர் முன்னுக்குச் சொல்லும்."

மரியநாயகி அவன் கையில் செபமாலையைத் திணித்துவிட்டாள். முன்னால் சொல்பவன் நடுவில் நிறுத்துவதாவது? பஸ் முழுக்கச் சிலுவை போட்டுக்கொண்டது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..." கஸ்பர் குதிரை வேகத்தில் ஓட்டினான். பதில் சொல்லும் கிழவிகளோ மாட்டுவண்டி. லூயிஷாம் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கதவு மூடியது. லூயிஷாம் போயிற்று.

செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவதில் பிளாக்ஹீத் தெரிந்தது. அதைத் தாண்டினால் டோவர் துறைமுகத்துக்குப் போகும் வீதி. பிறகு பஸ் நிற்காது. செபமாலை வியர்வையில் வழுக்கியது.

"மாமி..." செபத்தை நடுவில் நிறுத்தினான். "எனக்கு விசா இல்லை. கேஸ் இன்னும் முடியேல்லை. டோவர் தாண்ட ஏலாது. நான் பொய் சொன்னனான்."



மரியநாயகி அதிரவில்லை. "அது எனக்கு ஓரளவு விளங்கினதுதான். டோவரில பாஸ்போர்ட்டை எடுப்பீரோ எண்டு பாக்கத்தானே உமக்கு இந்தச் சீட்டைத் தந்தனான்."

"அப்ப செபமாலை?"

"பொய் சொன்ன வாயால எத்தினை மணி உருட்டுவீர் எண்டு பாத்தன். அல்பிரட், பஸ்ஸை ஓரமா நிப்பாட்டச் சொல்லும்!"

பஸ் நின்றது. அவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். அத்தனை கண்களுக்கும் நடுவே கஸ்பர் நடந்தான். முன்சீட்டில் கத்தரின், மடியில் புரூஜ் படப்புத்தகம். அவள் நிமிரவில்லை. அவன் படியில் கால் வைத்தபோதுதான் கேட்டாள்.

"கேஸ் எப்ப முடியும்?"

"தெரியாது. ஒரு வருசமும் ஆகலாம்."

"அதுவரைக்கும் கல்யாணத்துக்கு என்ரை பதிலையும் கேக்காதையும்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே, அவன் விட்ட இடத்திலிருந்து மரியநாயகி செபமாலையைத் தொடர்ந்தாள்.