கொல்லைச் சுவர் டம்ளர்

தொண்ணூற்றாறில் பாளையங்கோட்டை ஓவியக் கண்காட்சியில் நான் பென்சிலால் வரைந்த அலுமினிய டம்ளருக்கு முதல் பரிசு கிடைத்தது. அங்கே வருஷா வருஷம் பரிசு கொடுப்பது வாலாம்பாள் மாமி. அது தெரிந்தேதான் வரைந்தேன். அவள் வீட்டில் என் அம்மை பதினெட்டு வருஷம் தொழுவம் கூட்டினாள். என்னை மாமிக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன தத்ரூபம்! விளிம்பு நெளிசலைப் பாருங்கோ, நிழல்கூட நெளிஞ்சிருக்கு!" கூட்டத்தைப் பார்த்துச் சொன்னவள், படத்தை ஆசையாகத் தடவினாள். "எங்காத்துக் கூடத்துல மாட்டணும். எனக்குத் தருவியோ?"

"தாரேன் மாமி. உங்க வீட்டு டம்ளருதான். தொழுவம் கூட்டுன சந்தனமாரிக்குன்னு கொல்லைச் சுவர்ல கவுத்தி வச்சிருந்தீயள்லா, அதுதான். நான் அவ மவ."

மாமியின் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை.

"ஒரு முழம் ஒசரத்துல இருந்து காப்பி ஊத்துவீய. இன்னைக்குத்தான் மொத தடவையா அதத் தொடுதீய."

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். விரல்நுனியில் பென்சில் கரி அப்பியிருந்தது. துடைத்துக்கொள்ளத் துணி கேட்டாள். என் தோள்பையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை.