துப்பட்டிக்குள் லென்ஸ்

"வெயிட் அதிகம்மா. இந்தப் பையையும் லக்கேஜ்ல போட்டுடுங்க" என்றான் திருச்சி விமான நிலையக் கவுண்ட்டரில் இருந்த பையன்.

"அது கேமரா தம்பி. என் கையை விட்டுப் போகாது."

நன்னிலத்தில் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்துக் கட்டிய பை. ஷார்ஜாவில் மாமியாரின் தம்பி மகள் ஷமாவுக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழையக் கூடாது என்பதால்தான் கல்யாணப் படம் எடுக்கும் இர்ஃபானாவுக்கு டிக்கெட்டே வந்தது. லென்ஸ் உடைந்தால் அங்கே இரவல் கேட்க ஆளில்லை.

ஜிப்பைத் திறந்தாள். நெய் வாசனை குப்பென்று வந்தது. லென்ஸுகளுக்கு நடுவே இருந்த ஸ்பாஞ்சுத் தடுப்புகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் டின் சட்டமாக உட்கார்ந்திருந்தது. லென்ஸுகள் மாமியாரின் பழைய வெள்ளைத் துப்பட்டியில் சுருண்டு கிடந்தன.

வெளியே காரில் இருந்த மாமியார் ரஹ்மத் பீவிக்குப் போன் போட்டாள்.

"மாமி, தடுப்பெல்லாம் எங்க?"

"அந்தப் பஞ்சா? அலமாரியில பத்திரமா இருக்கு. கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ? ரவையும் நெய்யும் போட்டுச் சுட்ட தம்ரூட் வச்சிருக்கேன்."

"பெரிய பெட்டியில வைக்கிறதுதானே?"

"நல்லாருக்கே! பெட்டியத் தூக்கி எறிவானுங்கன்னு நீதானே புள்ள சொன்ன? தம்ரூட் நசுங்கிடாதா?"

கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். "லென்ஸ் நசுங்கினா?"

மாமியின் குரல் இறங்கி வந்தது. "நாலா மடிச்சுத்தான் சுத்தியிருக்கேன். முட்டிவலிக்காரி, என்னால வர முடியல. நான் ஷமாவப் பாக்கப்போறது உன் படத்துலதானே."

"தம்ரூட் உதிர்ந்துதான் போய்ச் சேரும் மாமி. படம் முழுசா வரும்."

டின் பெரிய பெட்டிக்குள், சேலைகளுக்கு நடுவே போனது; கேமராப் பை எடைக்குள் அடங்கியது.

பாதுகாப்புச் சோதனையில் காக்கி உடுத்த பெண் தட்டைக் காட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னாள்.

"சீக்கிரம் வைங்கம்மா, ஃபிளைட் போயிடும்" என்றார் பின்னால் நின்றவர்.

"உங்கள விட்டுட்டுப் போனா என்னையும் விட்டுட்டுத்தான் போகும். பொறுங்க."

துப்பட்டியைத் தட்டில் விரித்தாள். கேமராவைப் படுக்கவைத்தாள். லென்ஸுகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி துணியை நடுநடுவே கூட்டி வரப்பு எழுப்பினாள். பின்னாலிருந்து ஷூ வைத்த தட்டு ஒன்று முட்ட வந்தது. முழங்கையால் தடுத்து நிறுத்தினாள். அவளுடைய தட்டு எக்ஸ்ரே மெஷினின் ரப்பர் தொங்கலுக்குள் புகுந்து மறைந்தது.

பெண்களுக்குத் திரை போட்ட கூண்டில் சோதனை. கைகளை விரித்து நின்றாள். கழுத்து மட்டும் திரையின் இடுக்குப் பக்கம் திரும்பியிருந்தது. யாருடைய பெல்ட்டோ முதலில் வந்தது. பிறகு ரப்பர் பட்டைகள் அசைந்தன. இடையில் வெள்ளைத் துணியின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.