ஒரு பானைச் சோறு

கரண்டி மருமகளின் மணிக்கட்டில் விழுந்தது. இரும்புக் கரண்டி, நீளக் காம்பு. எலும்பில் பட்ட சத்தம், கூடத்தில் கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களுக்கும் நன்றாகவே கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையில் கரண்டி விழுவது அந்த வீட்டில் புதுச் செய்தியா என்ன?

"ஆம்பளைங்க இன்னும் தட்டுல கை வைக்கல. அதுக்குள்ள பானை அடியில கரண்டி விடுறியா?" என்றாள் மாமியார். குரல் உயரவில்லை. உப்புப் போதுமா என்று கேட்பவளைப் போலத்தான் கேட்டாள்.

மருமகள் வீங்கத் தொடங்கிய கையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மடியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில். அதில் பானையின் அடியிலிருந்து சுரண்டிய சோறு பாதி நிறைந்திருந்தது. அது கண்ணில் பட்டதும் மாமியார் மறுபடி ஓங்கினாள். இந்த முறை தோளில் விழுந்தது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமனாரைத் தெருவில் பட்டறைக்காரர் என்பார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பழைய எஞ்சின் உறை, பிய்ந்த ரேடியேட்டர், ஓட்டை வாளி, பேட்டரித் தகடு என்று எது கிடைத்தாலும் மூசை என்கிற உருக்குக் கலத்தில் போட்டு உருக்கி, மணல் அச்சில் ஊற்றிச் சமையல் பானை வார்ப்பார். நெருப்பில் போனால் எல்லாம் சுத்தம் என்பார். மகன் அவருக்கு வலது கை. அக்கம்பக்கத்தில் பாதி அடுப்புகளின் மேல் உட்கார்ந்திருந்தது அவர் வார்த்த பானைதான்.

அவர் வீட்டுச் சமையலும் அதில்தான். தக்காளியை நிறையப் போட்டு, காயும் சோறும் ஒன்றாக வேக வைப்பார்கள். காலையில் இறக்கி வைத்தால் மத்தியானம் வரை அதிலேயே கிடக்கும். முதலில் ஆண்கள். அவர்களுக்கு மேலாக, பூப்போல எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் மாமியார், நடுவிலிருந்து. கடைசியில் மருமகள், அடியிலிருந்து. ஒட்டிப் பிடித்ததைக் கறகறவென்று சுரண்டி, ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்ன வேண்டும். மிச்சம் வைத்தால் தரித்திரமாம். ஆண் பிள்ளை பால்குடி மறந்ததும் அப்பன் தட்டுக்குப் போய்விடும். பெண் பிள்ளை அம்மா தட்டோடு சரி. ஆண்கள் சாப்பிடும் முன் கரண்டி அடியில் பட்டால் பட்டறையில் மூசை வெடித்துவிடும் என்று ஒரு சட்டம் வேறு. எந்த மகராசன் போட்ட சட்டமோ, நிச்சயம் வயிறு நிறைந்தவனாகத்தான் இருந்திருப்பான்.

அந்த வீட்டுக்கு இன்னொரு பேச்சும் உண்டு. "இந்த வீட்டுல பொண்ணு தங்காது." பட்டறைக்காரரின் தங்கை சின்ன வயதில் வலிப்பு வந்து போனவள். மாமியார் மூன்று பெற்றாள். மூத்தது ஆண், தங்கிவிட்டது. அடுத்த இரண்டும் பெண். ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து போய்விட்டன. இப்போது மருமகளின் மகளுக்கு ஐந்து வயது. பேச்சு திக்கித் திக்கி வரும். நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்று நினைவில் இருக்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். போன மாதம் அதற்கு முதல் வலிப்பு வந்தது. அதற்கும் மருமகளுக்குத்தான் அடி. பெற்றவள் சரியில்லையாம். வலிப்பு நின்றபின் மாமியார் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, தங்காதது தங்காது என்று சொல்லிக்கொண்டே காய் நறுக்கப் போய்விட்டாள். மருமகளுக்கு அடி பழகிவிட்டது. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் ஈரல்குலை நடுங்கியது. என் பெண்ணை இவர்கள் மனதுக்குள் ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

பாட்டில் கொடுத்தவள் தெருக்கோடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆராய்ச்சிக்காரி. தெருவில் அவளுக்குச் சீசாக்காரம்மா என்று பெயர் விழுந்திருந்தது. பட்டறைத் தெருக்களில் மண்ணிலும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் என்னென்ன விஷம் கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. எல்லார் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாள். பட்டறைக்காரர் வீட்டில் கணக்கு இடித்தது. நாள் முழுக்கப் புகையில் நிற்கிற ஆண்களைவிட, பட்டறைப் பக்கமே போகாத குழந்தையின் இரத்தத்தில் காரீயம் பல மடங்கு இருந்தது. குழந்தையின் அம்மாவுக்கும் அப்படியே. தண்ணீரைப் பார்த்தாள், சுவர்ச் சுண்ணாம்பைப் பார்த்தாள், பொம்மையைக்கூட விடவில்லை. சாப்பாடு கேட்டபோது மாமியார், வந்தவர்களுக்கு எடுத்து வைப்பது போல, மேலாக எடுத்துக் கொடுத்தாள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரே சாப்பாடுதானா என்று சீசாக்காரம்மா கேட்டாள். ஒரே பானைதான் என்றாள் மாமியார். அது பொய்யும் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சொன்னவர் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவராக இருக்க வேண்டும். படித்த அம்மாவும் அதை நம்பித்தான் ஏமாந்தாள்.

காரீய விஷயம் தெருவில் கசிந்து, ஒன்றிரண்டு பேர் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கியதும், சீசாக்காரி இனி வாசற்படி ஏறக் கூடாது என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் அவள் குழாயடியில் மருமகளைப் பிடித்தாள். குழந்தையின் தட்டில் விழுகிற சோறு எதுவோ, அதுவே வேண்டும் என்று கேட்டுப் பாட்டிலைக் கையில் வைத்தாள். சாப்பிடும்போது கடைசிப் பருக்கை வரை மாமியாரின் கண் தட்டில்தான் இருக்கும். ஆகவே முதலிலேயே எடுக்கப் பார்த்தாள் மருமகள். மாட்டிக்கொண்டாள்.

மாமியார் ஆண்களுக்குச் சோறு வைத்த கையோடு பாட்டிலைத் தூக்கிக் கூடத்தில் காட்டினாள். புருஷன் எழுந்து வந்தான். பாட்டிலை வாங்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடி நாலாபக்கமும் தெறித்தது. பிறகு மனைவியின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துக் கதவில் மோதினான்.

"எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?"

அவள் விழுந்தாள். விழுந்தவளை உதைத்தான். பட்டறைக்காரர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று ஒரு கவளத்துக்கும் இன்னொரு கவளத்துக்கும் நடுவில் சொல்லிக்கொண்டார். கதவோரம் நின்ற குழந்தை அம்மாவைப் பார்த்தது. அதன் கண் மேலே செருகியது. உடம்பு விறைத்து, கண்ணாடித் துண்டுகளின் மேலேயே விழுந்து துடித்தது.

மருமகள் தவழ்ந்து போய் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். துடிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. நின்றதும் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டாள். அடிச்சோறு ஒட்டியிருந்த பானையை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். உச்சி வெயிலில், வாசல் வழியாக, தெருவே பார்க்க நடந்தாள்.

புருஷன் பாதித் தெருவில் வந்து பிடித்தான். தலைமயிரைப் பற்றிப் பின்னால் இழுத்தான். அவள் குழந்தையையும் விடவில்லை, பானையையும் விடவில்லை. பானையைப் பிடுங்கி இழுத்ததில் அதன் விளிம்பு அவள் வாயில் மோதியது. முன்பல் உடைந்தது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் படியிறங்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் ஏன் போவது என்பது அந்தத் தெருவின் நாகரிகம்.

சீசாக்காரம்மாதான் ஓடி வந்தாள். பானையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளையும் விடவில்லை. அறைக்குள் தள்ளிக்கொண்டு போய் அலமாரியைச் சாய்த்தான். பாட்டில்கள் மொத்தமும் அவள் மேல் விழுந்து உடைந்தன. நெற்றி கிழிந்து இரத்தம் வழிந்தபோதும் அவள் பானையின் மேலேயே கவிழ்ந்து கிடந்தாள். கடைசியில் அவன் பானையை விட்டுவிட்டு மனைவியைக் குழந்தையோடு தரதரவென்று இழுத்துப் போனான். அவளையும் குழந்தையையும் பட்டறையின் கரி அறையில் போட்டுப் பூட்டினான்.

சீசாக்காரம்மா சொல்லி, காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். பூட்டைத் திறக்கச் சொன்னார். பட்டறைக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்தார். குடும்ப விஷயம் என்று எழுந்து போனார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதெல்லாம் சும்மா. அங்கே உடைந்தது மருமகளின் பல். அதைக் குடமாக யாரும் எண்ணவில்லை.

அன்றிலிருந்து மருமகள் தன் குழந்தைக்கு அந்தப் பானைச் சோற்றைக் கொடுக்கவில்லை. பழம் கொடுத்தாள், ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். அதற்கும் அடி விழுந்தது. வாங்கிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் ஆண்கள் தட்டின் முன் உட்கார்ந்த நேரத்தில், சீசாக்காரம்மா நெற்றிக் கட்டோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் எழப் போனான். பட்டறைக்காரர் கையமர்த்தினார். உளறட்டும், கேட்டுவிட்டுத் துரத்தலாம் என்றார். உள்ளே அதே அச்சில் வார்த்த வேறொரு பானை. மாமியார் கரண்டியோடு நின்றாள்.

சீசாக்காரம்மா மாமியாரைப் பார்த்தே பேசினாள். பானை உலோகத்தில் காரீயம் கலந்திருக்கிறது, தக்காளிப் புளிப்பு மணிக்கணக்காக ஊறி அதைக் கரைக்கிறது, இரும்புக் கரண்டி மீதியைச் சுரண்டி எடுக்கிறது என்றாள். மேலாக எடுக்கிற சோற்றில் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒட்டிப் பிடித்த அடியில் இருப்பது விஷம்.

"நான் முட்டாளும்மா. என்ன சமைக்கிறீங்கன்னு கேட்டேன். யார் எதைச் சாப்பிடுறீங்கன்னு கேக்கல."

பட்டறைக்காரர் சிரித்தார். "எங்கப்பன் காலத்துலேர்ந்து இதே பானையிலதான் திங்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அதற்கும் வாசலில் நின்றவள் பதில் சொல்லிவிட்டாளே, அவர் காதில்தான் ஏறவில்லை. மாமியார் காதில் ஏறியது.

"அதுல வலிப்பு வருமா?" என்று கேட்டாள்.

"வரும்மா. சின்னப் புள்ளைங்களுக்கு வரும்."

"உசிரு போகுமா?"

"போகலாம். முன்னாடி போனவங்களுக்கு இதுதான் காரணம்னு இப்ப என்னால நிரூபிக்க முடியாது."

மாமியாருக்கு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. போய்விட்ட இரண்டு பெண்களில் சின்னவளுக்குக் கருகின பொருக்கு என்றால் உயிர். பெரியவள் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்வாள். மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, அடிச்சோறு தின்றால்தான் தெம்பு என்று சொல்லி, வழித்து வழித்துத் தானே ஊட்டியது அவள் விரல்களில் இன்னும் இருந்தது. இவ்வளவு நாளும் விதி என்று நினைத்து அழுதாள். அது விதி இல்லை, இந்தக் கைதான். கரண்டி பிடித்த கையை ஒரு முறை பார்த்தாள்.

பிறகு கரண்டியைப் பானையின் அடிவரை இறக்கினாள். ணங்கென்று சத்தம் வந்தது. தட்டுகள் இன்னும் காலியாகத்தான் இருந்தன.

"ஏய்" என்றார் பட்டறைக்காரர்.

அவள் மறுபடி இடித்தாள். பின் கறகறவென்று சுரண்டினாள். அடிச்சோற்றைக் கரண்டி நிறைய அள்ளிக் கொண்டுவந்து புருஷன் தட்டில் வைத்தாள். மகன் தட்டிலும் வைத்தாள்.

"அந்தம்மா சொன்னது பொய்தானே? சாப்பிடுங்க."

பட்டறைக்காரர் தட்டைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்தார். விளிம்பு புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணில் இறங்கியது. இந்த வயதிலும் அவர் குறி தப்பவில்லை. அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். பானையிடம் திரும்பியபோது கண் மறைத்தது. கரண்டி பானையின் பக்கச் சுவரில் தட்டியது. மருமகள் எழுந்து வந்தாள். வீக்கம் வற்றாத கையால் பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் அத்தை. இங்கதான் நிறைய ஒட்டியிருக்கு."

இருவருமாகச் சுரண்டினார்கள். ஒரு பருக்கை விடவில்லை. மாமனார் தட்டு மறுபடி நிறைந்தது. மகனின் தட்டிலும் மேலும் விழுந்தது.

"நீயாவது சாப்பிடுடா" என்றாள் மாமியார் மகனிடம். "உன் தங்கச்சிங்க ரெண்டு பேரும் இதைத்தான் சாப்பிட்டாங்க."

மகன் தட்டைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியின் பல்லை உடைத்த கை மடியில் கிடந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்திருந்தால் போதும், சீசாக்காரம்மா பொய்க்காரி ஆகியிருப்பாள், பட்டறையின் மானமும் பிழைத்திருக்கும். தெருவெல்லாம் பானை விற்ற இரண்டு ஆம்பிளைகளுக்கும் அந்த ஒரு கவளம் எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

குழந்தை எழுந்து வந்து பசிக்கிறது என்று திக்கித் திக்கிச் சொன்னது. மாமியார் அதைப் பானையிடமிருந்து விலக்கி இடுப்பில் தூக்கினாள். மருமகள் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். ஆண்கள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை முதலில் சாப்பிட்டது.

பின்னால் பட்டறையில் மூசை எப்போதும் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. அது வெடிக்கவில்லை.