மின்விசிறிக்கு மேலே

பதினைந்து வயது முடிந்த வாரத்தில் என் கால்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கின. உலகத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரும் வரவில்லை. "சும்மாதானே மிதக்கிற, அந்த ஃபேனைத் துடைச்சிடேன்டி" என்றாள் அம்மா.

அம்மா தையல்காரி. செங்கல் கனத்துக்கு ஓர் இரும்புக் கத்தரிக்கோலைத் தூங்கும்போதுகூட இடுப்பில் கட்டியிருப்பாள். கேட்டால் தொழில்பக்தி என்பாள்.

"எனக்கு இந்தச் சனியனே வேணாம்மா. ஸ்கூல்ல தெரிஞ்சா மானம் போயிடும்."

"முதல்ல தூசி போகட்டும். மானம் அப்புறமா போகட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியோடு எழும்பினேன். தையல் மெஷினின் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல மங்கியது. ஜன்னல் வெயிலில் நூல்துணுக்குகள் என்னோடு மெல்ல மிதந்தன. விசிறிக்கு மேலே, கூரைச் சுண்ணாம்பில், பழைய கைத்தடம் ஒன்று பதிந்திருந்தது. அதன் சுண்டுவிரல் கொக்கிபோல் வளைந்திருந்தது.

கீழே துணியைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் சுண்டுவிரலைப் பார்த்தேன். அதே வளைவு.

"அம்மா, அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கழட்டேன்."

மெஷின் நின்றது. அம்மா நிமிர்ந்து, என்னையும் அந்தக் கைத்தடத்தையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, இடுப்பு முடிச்சில் கை வைத்தாள்.